நான் நீக்கிய கர்னல்

புதுக்கோட்டையில் ஒரு கலைக் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் கத்தாருக்குப் போய்விட்டார். ஆனாலும் கல்லூரியில் அவர் பேச்சு ஓயவில்லை. இணையம் நின்றால், "சார் இருந்தப்ப இப்படி ஆகாதே" என்பார்கள். புரொஜெக்டர் மங்கினால், "சாருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்பார்கள். நான் எம்.சி.ஏ. படித்தவள். அவர் படித்தது பாலிடெக்னிக்கில் டிப்ளமா. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போது எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

நான் சேர்ந்த வாரத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "சந்தேகம்னா எப்ப வேணாலும் கூப்பிடுங்க மேடம். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு." நான் பதில் போடவில்லை. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் போடப் பிடிக்கவில்லை.

கல்லூரி நூலகத்தை ஒட்டி ஒரு சிறிய அறை இருக்கிறது. பார்வையற்ற மாணவர்களுக்கான அறை. அதில் ஒரு பழைய கணினியும் ஒரு ப்ரெய்ல் பிரிண்டரும் உண்டு. அந்தப் பிரிண்டருக்கு மை கிடையாது. தடித்த தாளில் ஊசிகளால் குத்திப் புள்ளிகளை எழுப்பும், அதை விரலால் தடவிப் படிக்க வேண்டும். அது ஓடத் தொடங்கினால் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளிநாட்டில் யாரோ பயன்படுத்திவிட்டு நன்கொடையாகக் கொடுத்தது.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டது தமிழ்த்துறையில் இருந்த ஒரு பேராசிரியை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கொடும்பாளூர்ப் பக்கம் ஊர். நான்கு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கல்லூரியில் எனக்கு முன்னால் இருந்தவரோடு என்னை ஒப்பிட்டுப் பேசாத ஒரே ஆள் அவர்தான். பேசும் மென்பொருளின் துணையோடு பாடக் குறிப்புகளை அந்தக் கணினியில் அவரே தட்டச்சு செய்வார், அச்சடிப்பார், நான்கு மாணவர்களுக்கும் நான்கு பிரதி கொடுப்பார்.

எனக்கு முன்னால் இருந்தவர் அந்தக் கணினியில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். அதில் கர்னல் என்று ஒன்று உண்டு. இயங்குதளத்தின் உட்கரு என்று சொல்லலாம். பிரிண்டர், விசைப்பலகை, திரை என்று கணினியோடு சேர்ந்த எல்லாப் பொருள்களோடும் அதுதான் நேரடியாகப் பேசும். எல்லோரும் வெளியிலிருந்து வருகிற கர்னலை அப்படியே போட்டுக்கொள்வார்கள். இவர் அதன் மூல நிரலை இறக்கி, சில வரிகளை மாற்றி, தானே ஒரு கர்னலைக் கட்டி வைத்திருந்தார். அந்தப் பழைய பிரிண்டர் மெதுவாக வாங்குகிற பிரிண்டர். சாதாரணக் கர்னல் அதற்கு எழுத்துகளை வேகமாகத் தள்ளும். இவருடையது ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே கொஞ்சம் நின்று கொடுக்கும். அந்தக் கர்னலின் பெயரில், பதிப்பு எண்ணுக்குப் பின்னால், 'புள்ளி' என்று ஆங்கில எழுத்துகளில் சேர்த்திருந்தார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் காகிதம் மட்டும்தான். "இதை அப்டேட் செய்யும் முன் என்னைக் கேட்கவும்" என்று எழுதி, கீழே தொலைபேசி எண்ணும் போட்டிருந்தது. ஒன்பது மாதமும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னும் அவரைக் கேட்டுத்தான் நான் வேலை செய்ய வேண்டுமா என்று.

அந்தச் சமயம் கல்லூரிக்கு ஓர் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. எல்லாக் கணினிகளும் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் முதல்வர். ஆய்வகத்தில் இருந்தவற்றை இரண்டு நாளில் முடித்தேன். கடைசியாக மிச்சம் இருந்தது இந்த ஒன்று. பருவத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அக்கா வகுப்பில் இருந்த நேரத்தில், போய் உட்கார்ந்து அப்டேட்டைத் தொடங்கினேன்.

பாதியில் நின்றுவிட்டது. கணினி தொடங்கும்போது படிக்கிற சின்னப் பகுதியில் இடமில்லை, புதுக் கர்னலை வைக்க முடியவில்லை என்று வந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 'புள்ளி' இருந்தது. பழைய பதிப்பு எண். அதை நீக்கச் சொல்லி ஆணை கொடுத்தேன். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலையே நீக்கப் பார்க்கிறீர்கள், நிறுத்திவிடலாமா என்று கணினி கேட்டது. நிறுத்த வேண்டாம் என்று அழுத்தினேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அவர் மாற்றி எழுதிய மூல நிரல் இருந்த பெரிய கோப்புறையையும், ஹார்ட் டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அழித்தேன். அதை அழிக்கத் தேவையே இருக்கவில்லை. அப்டேட் முடிந்தது. கணினி நன்றாகத் தொடங்கியது. திரை ஓரத்துக் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். பிரிண்டரில் ஒரு தாள்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. ஆய்வகத்துக்குத் திரும்பி நடந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலை பத்தரைக்கு அக்கா ஆள் அனுப்பினார். போனேன். மேசையில் ஒரு தாளை விரித்து வைத்து இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, முத வரி சரியா இருக்கு. ரெண்டாவது வரியில இருந்து புள்ளிதான் இருக்கு, எழுத்து இல்ல. நாலு தாளு போட்டுப் பாத்துட்டேன், நாலும் இப்படித்தான்."

நான் வயரைப் பிடுங்கிச் சொருகினேன். அணைத்துப் போட்டேன். மறுபடி அடித்தோம். அதேதான்.

"நேத்து அப்டேட் போட்டீங்கன்னு சொன்னாங்க. அதனால இருக்குமா?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. சும்மா கேட்டார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. பிரிண்டர் பழசு. உள்ள போர்டு போயிருச்சு" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கேட்ட நொடியில் வாயில் வந்துவிட்டது. அவர் உடனே நம்பினார். "பாவம், அதுவும் எத்தன வருசம் ஓடும்" என்று பிரிண்டரின் மேல்மூடியைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று மத்தியானம் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி அனுப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாக விழுந்தது. வேகமாக அனுப்பினால்தான் சிதறியது. முந்தைய நாள் நான் எதை அழித்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து பத்தடி நடந்தால் தமிழ்த்துறை. போய், "அக்கா, நான்தான் கெடுத்துட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. எப்படியாவது நானே சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தேன். மூன்று நாள் முயன்றேன். பிரிண்டரின் அமைப்புகளை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். நடக்கவில்லை. வீட்டில் கணவர் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டபோதும், "காலேஜ்ல ஒரு பிரிண்டர் கெட்டுப்போச்சு" என்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தார். அதில் அவர் பள்ளிக்கூடக் காலத்து ப்ரெய்ல் சிலேட்டும் ஊசியும் இருந்தன. சிலேட்டு என்றால் எழுதுகிற கருப்புப் பலகை இல்லை. இரண்டு உலோகத் தகடு, நடுவில் தாளை வைத்து மூட வேண்டும். மேல் தகட்டில் இருக்கிற சிறு கட்டங்களுக்குள், மரப்பிடி போட்ட ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். பின்பக்கமிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக, எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

"பிள்ளைகளுக்கு இலக்கணப் பாடம் பூராவும் பாக்கி கெடக்கு. போன்ல பேசிக் குடுத்தா கேட்டுக்குவாங்க, ஆனா ர எங்க வருது ற எங்க வருதுன்னு காதுல கேட்டாத் தெரியாது தங்கச்சி. பரீட்சையில சொல்லி எழுத வைக்கிறப்ப, எழுத்து எழுத்தாச் சொல்லணும்ல. கையில தொட்டுப் பாத்தாத்தான் நிக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க சாயங்காலம் ஒரு மணி நேரம் இங்கிட்டு வந்து வாசிச்சீங்கன்னா நான் குத்திருவேன். மிசின்ல வாசிக்க விட்டா அது நிக்காமப் போயிருது. ஒங்களுக்குச் சிரமமா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, வாரேன்" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் நான்கு மணிக்குப் போனேன். அவருடைய குறிப்பைத் திரையில் பார்த்து நான் ஒவ்வொரு சொல்லாக வாசிப்பேன். அவர் குத்துவார். ஒரு சொல் முடிந்ததும் "ம்" என்பார். நான் அடுத்ததைச் சொல்வேன். தாள் ரொம்பத் தடிமன். ஊசியின் பிடியை உள்ளங்கையில் அழுத்தி, ஆள்காட்டி விரலால் தள்ள வேண்டும். பிழையாகக் குத்திவிட்டால் அந்தப் புள்ளியை நகத்தால் தேய்த்து அமுக்குவார். எனக்கு எதிரிலேயே அந்த நல்ல பிரிண்டர், மேலே ஒரு துண்டு போட்டு மூடி இருந்தது.

ஒருநாள் வாசிப்பது நின்றபோது அவர் சொன்னார், "வேற யாரா இருந்தாலும் என் வேல இல்லன்னு போயிருப்பாங்க. ஒங்கள மாதிரி ஒருத்தர் வந்தது பிள்ளைகளுக்கு நல்ல காலம்." அடுத்த சொல்லை வாசித்தேன். அவருக்கு என் முகம் தெரியாது என்பதில் எனக்கு அப்போது ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் இன்றும் கூசுகிறது.

ஒரே பிரதிதான் இருந்தது. நான்கு மாணவர்களும் அதை மாற்றி மாற்றிப் படித்தார்கள். அவர்களில் ஒருத்தி குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வருகிற இரண்டாம் ஆண்டு மாணவி. மற்ற மூவரும் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். இவளுடைய ஊருக்குப் பஸ் நான்கு மணிக்கே போய்விடும். அன்றன்று குத்தி முடித்த பக்கம் விடுதிக்குப் போய்விட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அவள் கைக்கு வரும். நால்வரில் நன்றாகப் படிக்கிறவள் அவள்தான்.

இரண்டாவது வாரக் கடைசியில் அக்காவின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஊசியை நடுவிரலுக்கு மாற்றிக்கொண்டார். அவர் படிப்பதும் அந்த ஆள்காட்டி விரலால்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. குத்தியதைச் சரிபார்க்க முடியாமல் இடது கையால் தடவி, பிழை கண்டுபிடிக்க இரண்டு மடங்கு நேரம் எடுத்தார்.

மூன்றாவது வாரத்தில் முதல்வர் அந்த அறைக்கு வந்தார். நான் உள்ளே இருப்பது தெரியாமல் வாசலில் நின்ற அக்காவிடம் பேசினார். பிரிண்டரை ஆய்வகத்தைச் சேர்ந்த யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா, முன்னால் இருந்த சார் போனதிலிருந்தே ஏதாவது ஒன்று கெட்டுக்கொண்டே இருக்கிறது என்றார்.

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "சார், அந்தப் புள்ள தெனமும் என்கூட ஒக்காந்து வாசிக்குது. பஸ்ஸ விட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போகுது. மிசின் பழசாப் போனதுக்கு அது என்ன பண்ணும்? அதப் போயிச் சொல்லாதீங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நூலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று கத்தாருக்கு அழைத்தேன். என் பெயரைச் சொன்னதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லுங்க மேடம், நல்லா இருக்கீங்களா? ப்ரெய்ல் ரூமு சிஸ்டமா?" என்றார். அவர் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாற்போல இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "புள்ளிய எடுத்துட்டீங்க, சரி. சோர்ஸ் போல்டர் இருக்கும்ல, அதுல இருந்து திரும்பக் கட்டிறலாம்" என்றார்.

"அதையும் அழிச்சுட்டேன் சார்."

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அக்கா இப்ப எப்படி வேல பாக்குறாங்க?" என்று கேட்டார்.

"சிலேட்டுல குத்துறாங்க. நான் வாசிக்கிறேன்."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லிருங்க மேடம். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

அவரிடமும் பிரதி இல்லை. பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டார். ஆனால் எந்தக் கோப்பில் கை வைத்தோம் என்று ஞாபகம் இருந்தது. மூல நிரலை மறுபடி இறக்கி, அந்தக் கோப்பைத் திறந்து, திரையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். அவர் ஒரு இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். மூன்று வரி. எனக்கு மூன்று வரி புரியாமல்தான் இத்தனையும் நடந்திருக்கிறது. "எனக்கு அப்ப தெரிஞ்சது அம்புட்டுத்தான் மேடம், முழுக் கர்னலையும் கட்டிப்புட்டேன். அந்த ஒரு பாகத்த மட்டும் தனியாக் கட்டிச் சேத்திருக்கலாம், அப்டேட் போட்டாலும் அதுவா மறுபடி கட்டிக்கிரும். ஒங்க மேல மட்டும் தப்பு இல்ல" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். அதைக் கேட்டபோது அவர் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

இப்போதைக்குப் பழைய மாதிரியே முழுவதையும் கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம், அவருக்குப் பழகிய வழி அதுதான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். அந்தக் கணினிக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. மூன்று மணிக்கு முடிந்து, கணினியை மறுபடி தொடங்கினால், ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று ஒரு வரியோடு நின்றுவிட்டது. எதையோ சேர்க்காமல் விட்டிருந்தேன். அப்டேட்டில் வந்த கர்னல் இருந்ததால் அதைக் கொண்டு கணினியைத் தொடங்க முடிந்தது. ஞாயிறு கல்லூரி பூட்டியிருக்கும். திங்கட்கிழமை காலை மறுபடி கட்டத் தொடங்கினேன். அன்று காலையில்தான் இலக்கணத் தேர்வு. கணினி கட்டிக்கொண்டிருக்க, சன்னல் வழியாக அந்த நான்கு பேரும் எழுதிக் கொடுக்க வந்தவர்களோடு தேர்வு அறைக்குப் போவதைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பிரிண்டர் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டு அக்கா தமிழ்த்துறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, கைத்தடிகூட எடுக்காமல் வந்தார். வெளியே வந்த தாளை இடது கையால் தடவினார். மூன்றாவது வரி, நான்காவது வரி என்று போய்க் கடைசி வரிவரை படித்தார்.

"சரியாயிருச்சே. எப்படிச் சரியாச்சு?"

அதுதான் சொல்வதற்கான நேரம். வாயில் வந்தது வேறு. "போர்டு போகலக்கா. மென்பொருள்ல ஒரு கோளாறு. கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டேன்."

அந்த வாரமே ஆசிரியர்கள் கூட்டத்தில் முதல்வர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் பிளாஸ்திரி போட்ட கையால் தட்டினார். மறுநாள் ஒரு டப்பாவில் பிடிகொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தார். அவரே பிடித்தது. நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து அவ்வளவையும் தின்று, டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. குன்றாண்டார்கோவில் மாணவிக்கு இலக்கணத் தாளில் அரியர். மற்ற மூவரும் தேறிவிட்டார்கள். கடைசி இரண்டு பாடமும் அவள் கைக்கு வந்து சேரவே இல்லை என்று அக்கா சொன்னார். அப்போதும் நான் சொல்லவில்லை.

மனசாட்சி உறுத்திச் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்தது அதில்லை. கத்தாரில் இருந்தவர் விடுமுறைக்கு ஊருக்கு வருவதாகவும், கல்லூரிக்கு வந்து எல்லோரையும் பார்ப்பதாகவும் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருந்தார். அவர் அக்காவைப் பார்க்காமல் போக மாட்டார். பார்த்தால் பேச்சு அங்கேதான் போகும். அவர் வருவதற்கு முந்தைய நாள், மத்தியான இடைவேளையில், நான் ப்ரெய்ல் அறைக்குப் போய் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கடைசியிலிருந்து சொன்னேன். பிரிண்டர் கெடவே இல்லை, நான் போட்ட அப்டேட்தான் காரணம், எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தும் போட்டேன், திரும்பக் கொண்டுவர வழியில்லாதபடி நானே அழித்தேன், சார் சொல்லிக் கொடுத்துத்தான் சரியானது. அக்கா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை அப்படியே டப்பாவில் வைத்துக் கேட்டார்.

"என்கூட ஒக்காந்து வாசிச்சீங்களே. அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்து."

அவர் டப்பாவை மூடினார். தண்ணீர் பாட்டிலைத் தேடிக் கை நகர்ந்தது. நான் எடுத்து நீட்டப் போனேன். அதற்குள் அவரே எடுத்துக்கொண்டார். குடித்துவிட்டு, "அப்டேட் போட்டது எனக்குப் பெருசாத் தெரியல. எல்லாரும் தப்புப் பண்றதுதான்" என்றார். அதற்கு மேல் அந்த வாக்கியம் போகவில்லை. பாட்டிலை மூடி வைத்துவிட்டு, "அந்தப் புள்ளகிட்டயும் நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

"சொல்றேன்க்கா."

"சரிங்க மேடம். எனக்கு வகுப்பு இருக்கு."

அவர் எழுந்து போனார். தங்கச்சி போய் மேடம் வந்தது அன்றுதான்.

மறுநாள் கத்தாரில் இருந்தவர் வந்தார். ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு ஒவ்வொரு துறையாகப் போய்விட்டு ப்ரெய்ல் அறைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். நான் பயந்த மாதிரி அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அக்காவும் அவரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். பேச்சுக்கு நடுவே அவர் என் பக்கம் திரும்பி, "வாங்க மேடம், அந்த ஒரு பாகத்தத் தனியாக் கட்டிருவோம்" என்றார். ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். கைகளை விசைப்பலகையில் வைக்கவே இல்லை. எல்லாவற்றையும் என்னையே அடிக்கச் சொன்னார். என்ன செய்தோம் என்பதை வரிக்கு வரி எழுதி அந்தக் கணினியிலேயே ஒரு கோப்பாக வைக்கச் சொன்னார். "நாளைக்கு நீங்களும் போயிருவீங்கள்ல" என்றார்.

அந்த மாணவியிடம் சொன்னது அதற்கு அடுத்த வாரம். நூலக வாசலில் அவளை நிறுத்திச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லையும் சொன்னேன். அவள் முகத்தைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அரியர் எழுதுறப்ப பிரிண்டர் ஓடுமா மேடம்?" என்று கேட்டாள்.

"ஓடும்மா."

"அப்ப எனக்கு மொதல்ல போட்டுக் குடுத்துருங்க. எங்க வீட்டுல, கண்ணு தெரியாத பிள்ளைய எதுக்கு இம்புட்டுத் தூரம் அனுப்பணும்னு பேசிக்கிட்டு இருக்காங்க. இன்னொரு தடவ போச்சுன்னா நிப்பாட்டிருவாங்க."

அந்தப் பாடம் முழுவதையும் அன்றே அச்சடித்து, நூல் போட்டுத் தைத்து, அவள் பஸ் ஏறும் முன் கொடுத்தேன். அடுத்த பருவத்தில் அவள் தேறிவிட்டாள். நன்றாகவே தேறினாள். அதை அக்கா எல்லோரிடமும் சொன்னார், நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

இப்போதும் மாதம் ஒருமுறை அந்தக் கணினியில் அப்டேட் போடுகிறேன். புதுக் கர்னல் வந்தால் அந்த மூன்று வரியும் தானாகக் கட்டிச் சேர்ந்துகொள்கிறது. இருந்தாலும், போடுவதற்கு முன் தமிழ்த்துறைக்குப் போய் அக்காவிடம் சொல்கிறேன். முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு ஒரு முழுத் தாள் அச்சடித்துக் கையில் கொடுக்கிறேன். அவர் நின்றபடியே கடைசி வரிவரை தடவிப் பார்ப்பார். அந்த நேரம் முழுவதும் நானும் நின்றுகொண்டிருப்பேன். "சரியா இருக்குங்க" என்று சொல்லித் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போவார். ஒரு மாதம்கூட அவர் அதைப் பாதியில் நிறுத்தியதில்லை.